மணியக்காரர்ங்கிற பேரு எப்படி வந்துச்சு?

எங்க கொங்குப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் "மணியக்காரர் வீடு"ன்னு ஒரு வீடு இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் அதே ஆளைப் பட்டாமணியார்னு சொல்லுவாங்க. சர்க்கார் காகிதத்துல கிராம முன்சீப். இது ஜாதிப் பேரும் இல்ல, ராஜா கொடுத்த பட்டமும் இல்ல. ஒரு வேலையோட பேரு. கிஸ்தி வசூல் பண்றது, பிறப்பு இறப்பு எழுதுறது, சின்ன வழக்குகளைத் தீர்க்கிறது. அந்த வழக்கு விசாரிக்கிற அதிகாரத்தை மணியக்காரருக்குக் கொடுத்தது 1816-ல கும்பினி போட்ட சட்டம். பக்கத்துல சிட்டா, அடங்கல் எழுத கர்ணம் இருப்பார்.

இந்த வேலை அப்பனுக்கு அப்புறம் மகனுக்குன்னு வழக்கத்துல ஓடிக்கிட்டிருந்துச்சு. 1895-ல மெட்ராஸ் சர்க்கார் அதையே சட்டமாக்கிருச்சு. பரம்பரை கிராம உத்தியோகச் சட்டம்னு பேரு. இதுல பலரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. அந்தச் சட்டத்துல மணியக்காரரும் கர்ணமும் மட்டும் இல்ல. நீர்க்கட்டி, தலையாரி, வெட்டியான் எல்லாரும் இருந்தாங்க. ஒரு வீட்டுப் பையனுக்கு நாற்காலி, இன்னொரு வீட்டுப் பையனுக்குத் தண்டோரா. ரெண்டுமே பிறப்பால வந்தது.

நிலம் யாரு பேர்ல இருக்குன்னு எழுதுற பேனா ஒரே குடும்பத்துக் கையில தலைமுறை தலைமுறையா இருந்தா, குத்தகைக்காரன் நியாயம் கேக்க எங்க போவான்? நல்ல மணியக்காரர்கள் நிறைய பேர் இருந்தாங்க, மறுக்கல. ஆனா அவர் நல்லவரா இருக்கணும்னு ஊரே சாமி கும்பிட வேண்டியிருந்துச்சு, அதான் கோளாறு.

1960-ல ஆந்திராவுல இருந்து போன ஒரு முன்சீப் வேலை வழக்குல, வம்சத்தைப் பாத்து அரசு வேலை கொடுக்கிறது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. நம்ம மாநிலத்துல 1968-ல பரம்பரைச் சட்டத்தையே ரத்து பண்ணினாங்க. 1980 நவம்பர் 14-ல எம்.ஜி.ஆர். ஆட்சி அவசரச் சட்டம் போட்டு முன்சீப், கர்ணம் பதவிகளையே எடுத்துட்டு, வி.ஏ.ஓ.வைக் கொண்டு வந்துச்சு. வழக்கு போட்டாங்க. 1982-ல சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிருச்சு.

பதவி போயும் பேரு போகல. இன்னைக்கும் வி.ஏ.ஓ.வை மணியக்காரர்னு கூப்பிடுற பெருசுங்க இருக்காங்க. கல்யாணப் பத்திரிகையில தாத்தா பேருக்கு முன்னால "மணியக்காரர்"னு பெருமையாப் போடுறாங்க. போடட்டும். ஆனா "தலையாரி பேரன்", "வெட்டியான் பேரன்"னு யாராவது பத்திரிகையில போட்டுப் பாத்திருக்கீங்களா? எல்லாம் ஒரே சட்டத்துல இருந்த பேருதாங்க.