கூறெடுப்பு: ஒரு சொல், இரு பொருள்

‘சாம்பிளிங்’ என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கூறெடுப்பு என்கின்றன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதே அதன் அடிப்படை. ஆனால் பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும்.

மின்னணுவியலில் பொருள் சற்று வேறு: தொடர்ந்து வரும் அலையைச் சம இடைவெளிகளில் அளந்து எண்களாக்குவது. வழக்கமான இலக்கமுறைத் தொலைபேசி குரலை நொடிக்கு 8000 முறை அளக்கிறது. அது ஏந்திச் செல்லும் உச்ச அதிர்வெண் சுமார் 3400 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்குக்கு மேல் அளந்தால், இடையில் விட்டதையும் மீட்டுவிடலாம் என்கிறது நைக்விஸ்ட்–ஷானன் தேற்றம்.

மனிதர்களை எண்ணும்போது இந்த உறுதி கிடையாது. 2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு 20,000 வீடுகளில் விசாரித்து, வெளிநாடுகளில் வாழும் தமிழ்நாட்டினர் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. வளைகுடாவில் இருப்பவர்களுக்காக ஊரிலுள்ள வீட்டார் பதில் சொன்னார்கள். குடும்பத்தோடு அமீரகத்தில் வாழும் என்னைப் போன்றோரின் வீடு பூட்டிக் கிடந்தால் யார் சொல்வது? இருபதாயிரத்தை இரண்டு லட்சமாக்கினாலும் இந்தக் குறை தீராது.

ஆகவே எந்தக் கணிப்பிலும் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதோடு, யாரைக் கேட்க வழியே இல்லை என்பதையும் நான் பார்க்கிறேன்.