பெருநகர ஆய்வுப் பல்கலைக்கழகமும் இளநிலை மாணவரும்: டொராண்டோவை முன்வைத்து

பெருநகரத்து ஆய்வுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தால் சேரலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களைக் கையில் எடுக்கின்றன. ஒன்று தரவரிசை, மற்றொன்று பிள்ளையின் சுபாவம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குச் சிறிய கல்லூரி, துணிந்து பேசும் பிள்ளைக்குப் பெரிய பல்கலைக்கழகம் என்பது பரவலான கணிப்பு. இவை இரண்டும் முடிவெடுக்கப் போதாதவை என்பதே என் வாதம். ஆய்வுப் பல்கலைக்கழகத்தைப் பிற நிறுவனங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அங்கு நடக்கும் ஆய்வு. அதற்குள் இளநிலை மாணவர் நுழைய நிறுவனம் என்ன வழி வகுத்திருக்கிறது, அவ்வழியில் செல்ல அவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையில்தான் பொருத்தம் இருக்கிறது. 1827இல் கிங்ஸ் கல்லூரி என்ற பெயரில் நிறுவப்பட்டு, இன்று மூன்று வளாகங்களில் 90,000க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டுள்ள டொராண்டோ பல்கலைக்கழகம் இதைப் பரிசீலிக்க ஏற்ற களம்.

அப்பல்கலைக்கழகத்தின் புகழுக்குக் காரணமான இரண்டு ஆய்வுகளில் அங்கேயே இளநிலை பயின்றவர்களுக்குப் பங்குண்டு. 1921 கோடையில் பிரெடெரிக் பான்டிங் இன்சுலின் ஆய்வைத் தொடங்கியபோது உடன் வேலை செய்த சார்லஸ் பெஸ்ட் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தார். அவரை அந்தப் பணியில் அமர்த்தியவர் துறைத் தலைவர் மெக்லியோட். தன்னிடம் பயின்ற மாணவர்களை அவர் நேரடியாக அறிந்திருந்தார். அவர்களிலிருந்து உதவியாளர்களை அவரே தேர்ந்தார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த இல்யா சுட்ஸ்கேவர், பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்டனின் அறைக் கதவைத் தானாகவே தட்டினார். நரம்பு வலைகள் பற்றிய கட்டுரை ஒன்றைக் கொடுத்துப் படித்து வரச் சொன்னார் ஹின்டன். திரும்பி வந்த மாணவர் புரியவில்லை என்றார். அடிப்படைக் கணிதமே புரியவில்லைபோலும் என்று ஹின்டன் ஏமாற்றமடைந்தார். மாணவருக்கோ கணிதம் புரிந்திருந்தது. கணக்கிட்ட சரிவுகளை (gradients) மேலான உகப்பாக்க முறை ஒன்றிடம் ஏன் ஒப்படைக்கவில்லை என்பதுதான் அவருடைய ஐயம். ஹின்டனே நேர்காணல்களில் சொல்லியிருக்கும் செய்தி இது. 2012இல் படங்களை அடையாளம் காணும் கணினி ஆய்வின் போக்கை மாற்றிய கட்டுரையில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, ஹின்டன் ஆகியோருடன் சுட்ஸ்கேவரின் பெயரும் இருக்கிறது. முதல் நிகழ்வில் ஆசிரியர் மாணவரைத் தேர்ந்தார். இரண்டாவதில் மாணவர் ஆசிரியரைத் தேடிச் சென்றார். பல்கலைக்கழகம் பெருகப் பெருக, தேட வேண்டிய பொறுப்பு ஆசிரியரிடமிருந்து மாணவரின் தலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

துணிச்சலுள்ளவர் எங்கும் வழி கண்டுகொள்வார் என்று இதற்கு மறுமொழி வரலாம். ஆனால் கதவைத் தட்டத் துணியாத நூற்றுக்கணக்கானோரும் அதே கட்டணத்தைத்தான் கட்டுகிறார்கள். ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் தம் ஆய்வுப் புகழைக் காட்டி இளநிலை மாணவர்களை ஈர்த்துவிட்டு, அந்த ஆய்வின் அருகில்கூட அவர்களை விடுவதில்லை என்று அமெரிக்காவில் இளநிலைக் கல்வியை ஆராய்ந்த போயர் குழு 1998இலேயே கண்டித்தது. அதற்கும் முன்பே, 1969இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மெக்விகர் இளநிலை மாணவர்களை ஆய்வகங்களில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கி, இதை நிறுவனத்தின் கடமையாக்க முடியும் என்று காட்டியிருந்தார். டொராண்டோவிலும் இத்தகைய வழிகள் உண்டு. 1,700க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட கான்வகேஷன் ஹாலில் முதலாண்டு விரிவுரை கேட்கும் அதே மாணவர், சிறு குழுவாக நடக்கும் முதலாண்டுக் கருத்தரங்க வகுப்பு ஒன்றையும் எடுக்கலாம். அடுத்த ஆண்டுகளில் பேராசிரியரின் ஆய்வில் பங்கேற்று அதையே பாட மதிப்பாகவும் பெறலாம். பெற்றோர் பலர் கவனிக்கத் தவறும் மற்றொன்று, கலை அறிவியல் புலத்தில் முதன்மைப் பாடப்பிரிவு முதலாண்டுக்குப் பிறகே உறுதியாகிறது என்பது. சில பிரிவுகளுக்கு இட வரம்பும் உண்டு. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததாலேயே விரும்பிய துறையும் கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

ஆய்வில் மூழ்கிய பேராசிரியர்கள் கற்பித்தலைக் கைவிட்டுவிடுவார்கள், ஆகவே சிறிய கல்லூரியே மேல் என்பது வலுவான ஆட்சேபம்தான். ஆனால் ஹாட்டியும் மார்ஷும் 58 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட பகுப்பாய்வில், ஆய்வுத் திறனுக்கும் கற்பித்தல் திறனுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.06 மட்டுமே, ஏறக்குறைய சுழியம். நல்ல ஆய்வாளர் மோசமாகக் கற்பிப்பார் என்பதற்கும் இது சான்றாகாது, நன்றாகக் கற்பிப்பார் என்பதற்கும் ஆகாது. எதிர்த்திசையிலிருந்து வரும் ஆட்சேபம், பெயர்பெற்ற இடத்தில் படித்தால் வேலை தானே வரும் என்பது. அமெரிக்க மாணவர்களைப் பற்றி டேலும் குரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து இடம் பெற்றவர்களை ஒப்பிட்டபோது, சேர்க்கையில் கடும் தெரிவுள்ள கல்லூரியில் படித்தது பிற்கால வருமானத்தைப் பெரிதாக உயர்த்தவில்லை. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் விலக்கு. அவர்களுக்குப் பலன் இருந்தது. இது தெரிவின் கடுமை பற்றிய ஆய்வு, அளவைப் பற்றியதன்று, நாடும் வேறு. ஆயினும் நிறுவனத்தின் பெயர் எல்லாருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை என்பதைக் காட்ட இது போதும்.

அந்த விலக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் அதிகப் பலன் பெறக்கூடிய குடும்பத்துப் பிள்ளைக்கே நேரம் மிகக் குறைவு. நகரம் அள்ளிக் கொடுக்கிறது என்பதில் ஐயமில்லை: டொராண்டோவின் மைய வளாகத்திலிருந்து யூனிவர்சிட்டி அவென்யூவின் ஆய்வு மருத்துவமனைகளுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவிலிருந்து அந்த வளாகத்துக்கு வந்துபோக நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகக்கூடும். 2023 ஜூலையில் ரயில் பெட்டி தடம்புரண்ட பின் ஸ்காபரோவின் ரயில் பாதையான மூன்றாம் தடம் நிரந்தரமாக மூடப்பட்டது. அதில் போனவர்கள் பேருந்தில் கென்னடி நிலையம் வந்து சுரங்க ரயில் ஏற வேண்டியதாயிற்று. டொராண்டோவின் நான்கு பல்கலைக்கழகங்களின் மாணவர்களிடம் 2015இல் எடுத்த பயணக் கணக்கெடுப்பைக் கொண்டு நடந்த ஆய்வு, பயண நேரம் கூடினால் வளாகச் செயல்பாடுகளில் பங்கேற்பு குறைவதைக் காட்டியது. ஆய்வகக் கூட்டம் மாலை ஐந்து மணிக்கு, பகுதிநேர வேலை ஆறு மணிக்கு என்றால் எதை விடுவது என்பதில் அந்த மாணவருக்குத் தெரிவே இல்லை. அவருக்கு அதே பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் கூடுதல் பொருத்தமாக இருக்கலாம். அதை இரண்டாந்தரத் தெரிவாகப் பார்க்கும் வழக்கத்துக்கு நியாயமில்லை.

உலகத் தரவரிசைகள் இவற்றில் எதையும் அளப்பதில்லை. க்யூஎஸ் பட்டியலில் மிகுந்த எடை பெறுவது கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயர். குறிப்பிட்ட துறையின் இரண்டாமாண்டு மாணவர்களில் எத்தனை பேர் ஆய்வுத் திட்டங்களில் சேர்ந்தார்கள், விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், ஊதியம் உண்டா, வளாகத்துக்கு வெளியே வசிப்பவர்களின் பங்கு என்ன என்பவற்றை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் துறைவாரியாக வெளியிட வேண்டும். அதுவரை, சேர்க்கைக் கடிதத்துக்கு ஒப்புதல் அனுப்புமுன் இந்தக் கேள்விகளைத் துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க விண்ணப்பதாரருக்கு முழு உரிமை உண்டு.