கழிவுக்கு இடம் கேட்காத உரிமம்: பேராக்கில் மாசுக் கட்டுப்பாட்டின் இரு தடங்கள்

மலேசியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. அதன் பிறகும் பேராக்கின் மண்ணும் நீரும் கெட்டதற்குச் சட்டத்தின் வலுக்குறைவையே காரணமாகக் காட்டுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே மாநிலத்தில், தோட்டத் தொழிலின் கழிவு பெருமளவு கட்டுக்குள் வந்தது. கனிமத் தொழிலின் கழிவோ ஊரையே நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. உற்பத்திக்கு உரிமம் வழங்கியபோது கழிவின் போக்கிடத்தையும் சேர்த்துக் கேட்டார்களா என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்பது இக்கட்டுரையின் வாதம்.

கித்தா (ரப்பர்) ஆலையில் மரப்பாலில் நீர் கலந்து, அமிலம் ஊற்றி உறையவைத்து, தகடாக அழுத்திப் புகை வீட்டில் தொங்கவிடுவார்கள். எஞ்சும் நீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கும். கால்வாய் வழியே ஓடையில் கலந்ததும் அது புளித்து நாறி, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது எண்ணெய் ஆலைகளின் கழிவு இதனினும் கெட்டியாக வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978இல் கித்தா ஆலைகளுக்கும் தனி விதிமுறைகள் பிறந்தன. செம்பனைக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை இடம் தந்தார்கள். 1984க்குள் அதைப் படிப்படியாக 100க்கு இறக்கினார்கள். கழிவின் சுமைக்கேற்ப உரிமக் கட்டணமும் ஏறியது. கழிவுநீர் எங்கே போகிறது என்று சொல்லாமல் உரிமம் இல்லை. கழிவுநீரைத் தேக்கிச் சிதையவைக்கக் குளம் வெட்டுவது மலிவு, தோட்டத்தில் நிலத்துக்கும் பஞ்சமில்லை, அதனால்தான் முதலாளிகள் இணங்கினார்கள் என்று மறுக்கலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த நிலம் 1977க்கு முன்பும் அங்கேதான் கிடந்தது.

ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் நடந்தது வேறு. வெள்ளீயச் சுரங்கங்களின் எச்சமான அமாங்கில் மோனசைட் என்ற கனிமம் கிடைக்கும். அதிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரிக்க மிட்சுபிஷி கெமிக்கல் பங்கேற்ற ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் 1982இல் ஆலையை இயக்கத் தொடங்கியது. மிஞ்சியது தோரியம் கலந்த கழிவு. தோரியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு. சட்டம் இல்லாமலும் இல்லை. 1968இன் கதிரியக்கப் பொருள் சட்டம் இருந்தது. ஆனால் ஆலை ஓடத் தொடங்கிய பிறகே கழிவுக்கு இடம் தேடினார்கள். முதலில் பார்த்த பாரிட்டில் மக்கள் எதிர்த்தார்கள். அடுத்து பாப்பானில் கழிவைப் புதைக்க அகழிகள் வெட்டப்பட, 1984இல் அங்கும் போராட்டம். பின்னர் கிளேடாங் மலைத்தொடருக்கு நகர்ந்தார்கள். அணுசக்தி உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 1985 பிப்ரவரியில்தான்.

அதே மாதம் புக்கிட் மேரா மக்கள் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அக்டோபரில் நீதிபதி ஆனந்தம் காசிநாதர் இடைக்காலத் தடை விதித்தார். 1987இல், புதிய சட்டப்படி அமைந்த அணுசக்தி உரிம வாரியத்தின் உரிமத்தோடு ஆலை மீண்டும் ஓடியது. 1992இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நிறுவனத் தரப்பு நிபுணர்களின் சான்றை ஏற்று, மக்கள் முதலில் உரிம வாரியத்தை அணுகியிருக்க வேண்டும் என்றது. நிறுவனமே சட்டப்படி வென்ற பிறகு குறை எங்கே என்று கேட்கலாம். வென்ற நிறுவனம் அடுத்த மாதமே ஆலையை மூடுவதாக அறிவித்ததை அந்தக் கேள்வியால் விளக்க முடியாது. பல ஆண்டுகள் நீடித்த தூய்மைப் பணிக்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவானதையும் விளக்க முடியாது. அப்பகுதியில் கண்ட இரத்தப் புற்றுநோய்க்கும் ஆலைக்கும் உள்ள தொடர்பு இன்றும் விவாதத்துக்குரியது. என் வாதம் அதைச் சார்ந்ததல்ல: வாரியத்தை முதலில் அணுகியிருக்க வேண்டும் என்று சொல்லும்போது, ஆலை தொடங்கிய நாளில் அப்படியொரு வாரியமே இல்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

தோரியத்தைக் கித்தா நீரோடு ஒப்பிடுவது பொருந்தாது என்பது வலுவான மறுப்பு. குளத்தில் தேக்கினால் ஒன்று சிதைந்துபோகும், மற்றது போகாது. ஆனால் அதனாலேயே, அபாயம் குறைந்த கழிவுக்கு முன்கூட்டியே கேட்ட கேள்வியை, அபாயம் மிகுந்ததற்குக் கட்டாயம் கேட்டிருக்க வேண்டும். 2012இல் பகாங்கின் கெபெங்கில் லைனஸ் அருமண் ஆலைக்குத் தற்காலிக இயக்க உரிமம் தந்தபோதும் கழிவின் நிரந்தர இடம் முடிவாகவில்லை. அந்த இடத்தைக் கட்டத் தொடங்கியாக வேண்டும் என்ற கெடு 2020இல் உரிமத்தைப் புதுப்பித்தபோதுதான் வந்தது.