எல்லை ஏரிகளில் கனூ: மின்னசோட்டா வடபகுதியில் நீர்வழி உலாவின் வரலாறு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டி, பனியாறுகள் பாறையைக் குடைந்துவிட்டுப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் ஆறுகளாலும் ஓடைகளாலும் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. ‘பவுண்டரி வாட்டர்ஸ்’ எனப்படும் இப்பகுதி ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர் பரப்புடையது. கனூ என்னும் இலேசான துடுப்புப் படகில் நாள்கணக்காகச் சுற்றுவோர் இங்கே தேடி வருவது அமைதியை. அந்த அமைதி தானாக எஞ்சி நின்றதில்லை. ஒரு நூற்றாண்டுக் காலம் வழக்காடியும் சட்டம் இயற்றியும் சிலரது பிழைப்பைப் பறித்தும் அது உருவாக்கப்பட்டது.

இங்கே பயண முறையை வகுத்தவர்கள் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள். பூர்ச்ச மரப்பட்டையால் கனூ செய்து, ஏரிக்கும் ஏரிக்கும் இடையே அதைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து நடக்கும் தடங்களை அவர்கள் பயன்படுத்தினர். மீனும் ஏரியில் தானாக விளையும் காட்டரிசியும் அவர்களுக்கு உணவு. 18ஆம் நூற்றாண்டின் மென்மயிர் வணிகத்தில் பிரெஞ்சுக் கனடியப் படகோட்டிகள், தலைக்கு 90 பவுண்டு எடையுள்ள இரு மூட்டைகள் வீதம் அதே தடங்களில் சுமந்து சென்றனர். 1854இல் லா பாயின்ட் உடன்படிக்கையின் வழியே ஓஜிப்வே மக்கள் நிலத்தை இழந்தாலும், அங்கே வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டனர். பிற்கால வனக்காப்பு விவாதங்களில் இந்த உரிமைக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது.

பொழுதுபோக்குப் பயணம் ரயிலோடு வந்தது. 1884இல் அருகிலுள்ள வெர்மிலியன் மலைத்தொடரின் இரும்புத்தாது ரயிலேறியது. 1888இல் தண்டவாளம் ஈலி என்ற ஊரை எட்டியது. சுரங்கமும் மரவெட்டும் நடந்த ஊரிலேயே மீன்பிடி விருந்தினருக்கான விடுதிகளும் வழிகாட்டிகளும் தோன்றினர். 1909இல் அமெரிக்கப் பக்கம் சுப்பீரியர் தேசிய வனமும், எதிர்க்கரையில் கனடாவின் குவெட்டிகோ காப்பகமும் அமைந்தன. வனத்துறையின் நிலவடிவமைப்பாளர் ஆர்தர் கார்ஹார்ட் 1920களின் தொடக்கத்தில் தீட்டிய திட்டம், சாலை போடுவதை விட நீர்வழிப் பயணத்தையே இப்பகுதியின் முதன்மைப் பயனாகக் கொள்ளச் சொன்னது.

அடுத்து எழுந்த மோதல் தண்ணீர் மட்டத்தைப் பற்றியது. எட்வர்ட் பேக்கஸ் என்ற காகித ஆலை முதலாளி 1925இல் எல்லையிலுள்ள ரெய்னி ஏரிப் படுகை முழுதும் அணைத்தொடர் கட்டி மின்சாரம் எடுக்க முனைந்தார். கட்டியிருந்தால் அருவிகளும் சுமைத்தடங்களும் மூழ்கியிருக்கும். அந்த ஏரியின் தீவொன்றில் வாழ்ந்த எர்னஸ்ட் ஓபர்ஹோல்ட்சர் எதிர்ப்பை ஒருங்கிணைத்தார். 1930ஆம் ஆண்டின் ஷிப்ஸ்டெட்–நியூட்டன்–நோலன் சட்டம், கரையிலிருந்து 400 அடிக்குள் மரம் வெட்டுவதையும் நீர்மட்டத்தை மாற்றுவதையும் கட்டுப்படுத்தியது. கேளிக்கைப் பயணத்துக்கு உரிய அழகைக் காப்பதற்காகக் கரையோர மரத்தைத் தொடாதே என்று ஒரு நாடாளுமன்றம் சொன்னது அந்நாளில் துணிச்சலான செயல்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. விமானம் கட்டிய கிரம்மன் நிறுவனம் அலுமினியக் கனூக்களைச் செய்து விற்றது. பாறையில் மோதினாலும் எளிதில் உடையாத அந்தப் படகு, அனுபவமில்லாதவர்களையும் ஏரிக்கு அழைத்து வந்தது. அதே சமயம் மிதவை விமானங்கள் ஈலியிலிருந்து கிளம்பி, பல நாள் துடுப்பு வலித்துச் சேரவேண்டிய விடுதிகளில் விருந்தினரைச் சில நிமிடங்களில் இறக்கின. கனூ வழிகாட்டியாகவும் ஈலியில் ஆசிரியராகவும் இருந்த எழுத்தாளர் சிகர்ட் ஓல்சன் இதை எதிர்த்து நின்றார். உட்பகுதித் தனியார் நிலங்களை வாங்க 1948இல் சட்டம் வந்தது. 1949 டிசம்பரில் அதிபர் ட்ரூமன், இப்பகுதிக்கு மேல் 4,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கத் தடை விதித்தார். பொழுதுபோக்கு நிலத்தின் அமைதிக்காக வான்வெளியையே மூடியது அரிய நடவடிக்கை. விடுதிக்காரர்கள் வழக்காடித் தோற்றனர். பல விடுதிகள் விலைக்கு வாங்கப்பட்டு அகற்றப்பட்டன. அவற்றை நம்பியிருந்த குடும்பங்களின் மனக்கசப்பு தலைமுறை தாண்டியும் ஆறவில்லை.

1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் இப்பகுதியைச் சேர்த்துக்கொண்டாலும், ஏற்கெனவே ஓடிய மோட்டார் படகுகளுக்கு விலக்களித்தது. பூசல் அதனால் முற்றியது. இது குறித்து 1977இல் ஈலியில் நடந்த பொது விசாரணையின்போது, கட்டுப்பாட்டை எதிர்த்தவர்கள் ஓல்சனின் உருவபொம்மையைத் தூக்கிலிட்டனர். 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், மோட்டாரை நீர்ப்பரப்பில் ஏறக்குறைய கால் பங்குக்குள் அடக்கியது, மரவெட்டு நின்றது. படகை வண்டியில் ஏற்றி அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும் சில தடங்கள் குறித்த வழக்கு 1990களிலும் தொடர்ந்தது.

கூட்டம் பெருகியபோது கட்டுப்பாடு பயணிகள் மீதும் வந்தது. 1966இல் அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 1970களில் தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் தடைசெய்யப்பட்டு, ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் நாளுக்கு இத்தனைக் குழு என்ற வரம்பு வைக்கப்பட்டது. இன்று ஒரு குழுவில் 9 பேருக்கும் 4 படகுகளுக்கும் மேல் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை, இரவு தங்க விரும்புவோர் குறிப்பிட்ட நாளுக்கும் நுழைவிடத்துக்கும் முன்பதிவு செய்து, அந்த இடம் வழியாகவே ஏரிக்குள் இறங்க வேண்டும்.