மன்னருக்கும் வந்த பௌத்திரம்

இந்த வாரம் கொஞ்சம் கூச்சமான விஷயம். மருமகளும் பேரப்பிள்ளைகளும் படிப்பார்களே, எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். எழுதாமல் விடுவதுதான் தப்பு என்று முடிவு செய்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம், ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. உடைந்து சீழ் வந்தது, ஆறியது, இரண்டு மாதத்தில் திரும்பவும் வந்தது. உடம்புச் சூடு என்று நானே சொல்லிக்கொண்டு மோர் குடித்தேன், விளக்கெண்ணெய் தடவினேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இப்படியே எட்டு மாதம். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே போவேன். கடைசியில் காய்ச்சல் வந்தபோதுதான் டாக்டரிடம் போனேன். "பௌத்திரம் சார். கவலைப்படாதீங்க, பதினான்காம் லூயி மன்னருக்கே இது வந்திருக்கு" என்றார்.

ஊருக்குத் திரும்பி அந்தக் கதையைத் தேடிப் படித்தேன்.

1686 ஜனவரியில், வெர்சாய் அரண்மனையில் இருந்த பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கு அந்த இடத்தில் கட்டி வந்தது. அப்போது அவருக்கு 47 வயது. மருத்துவர்கள் பத்துப் போட்டார்கள், சுட்டார்கள், மருந்து செலுத்தினார்கள். எதற்கும் கேட்காமல் அது பௌத்திரமானது. கடைசியில் ஷார்ல் பிரான்சுவா பெலிக்ஸ் என்ற அறுவை மருத்துவரிடம் பொறுப்பு வந்தது. அவர் உடனே கத்தியை எடுக்கவில்லை. முதலில் ஏழை நோயாளிகளிடம் பல மாதம் செய்து பழகினார் என்று குறிப்புகள் உண்டு. அந்த ஏழைகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

பெலிக்ஸ் ஏன் அவ்வளவு தயங்கினார்? எனக்கு டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியபோதுதான் விளங்கியது.

மலக்குடல் முடிந்து வெளிவாசல் வரை உள்ள பாதை வெறும் மூன்று, நான்கு சென்டிமீட்டர். அதைச் சுற்றி இரண்டு சுருக்குத்தசைகள். உள்தசை நம் பேச்சைக் கேட்காது. நாம் தூங்கும்போதும் தானாகவே இறுக்கிப் பிடித்திருக்கும். வெளித்தசை நம் சொல்படி நடக்கும். கல்யாணப் பந்தியில் மானத்தைக் காப்பது அதுதான். மலக்குடலில் ஏதாவது வந்து சேர்ந்தால் உள்தசை ஒரு கணம் தளரும். வந்தது காற்றா, நீரா, கட்டியா என்று அங்குள்ள நரம்புகள் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடும். இந்த வேலையை நாம் கவனிப்பதே இல்லை.

பாதையின் நடுவே பல்வரிசை மாதிரி ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு மேலே வெட்டினாலும் வலி தெரியாது. கீழே நம் தோலைப் போல ஊசி பட்டாலும் உயிர் போகும். உள்மூலம் வலிக்காமல் ரத்தம் கொட்டுவதும், சின்ன வெடிப்பு ஆளையே உலுக்குவதும் இதனால்தான். அந்தக் கோட்டின் ஓரத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. அவற்றில் சீழ் பிடித்து, தசையைத் துளைத்து வெளித்தோல் வரை வழி போட்டுக்கொண்டால் அதுதான் பௌத்திரம். வழியைக் குறைவாக வெட்டினால் நோய் திரும்பி வரும். அதிகமாக வெட்டினால் தசை போய், அடக்கும் சக்தியே போய்விடும். மன்னருக்கு அப்படி ஆனால் என்ன ஆகும்?

1686 நவம்பர் 18 காலை, மயக்க மருந்து இல்லாத காலத்தில், இதற்கென்றே செய்த வளைந்த கத்தியால் பெலிக்ஸ் வெட்டினார். டிசம்பரில் மறுபடியும் வெட்ட வேண்டியிருந்தது. ஜனவரியில் மன்னர் எழுந்து நடமாடினார். அதன்பின் 1715 வரை வாழ்ந்தார். அறுவை மருத்துவர்களை முடிவெட்டுபவர்களோடு சேர்த்து எண்ணிய பிரான்சில், அவர்கள் மதிப்பு உயர இதுவும் ஒரு காரணமாயிற்று.

வெட்டுவது மட்டும்தான் வழி என்றில்லை. நம் சுசுருத சம்ஹிதை காரம் தோய்த்த நூலைக் கோத்துக் கட்டச் சொல்கிறது. கிரேக்க நூல்களில் குதிரை மயிர் சுற்றிய நூல் வருகிறது. நூல் மெதுவாக அறுத்துக்கொண்டு வர, பின்னாலேயே புண் ஆறிவரும். எனக்கும் நூல்தான் போட்டார்கள். இரண்டரை ஆயிரம் வருடம் போல ஆன யோசனை, என் உடம்பில் வேலை செய்தது.

லண்டனில் பிரெடரிக் சால்மன் என்ற மருத்துவர் 1835இல், இந்த நோய் வந்த ஏழைகளுக்கென்றே ஏழு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை தொடங்கினார். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841இல் பௌத்திர அறுவை செய்தவரும் அவர்தான். அப்போதும் மயக்க மருந்து கிடையாது.

இனி காரணம். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு ஒரு வருடமாக மலத்தில் ரத்தம் போனது. "மூலம்தான்" என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டு யாரிடமும் காட்டவில்லை. காட்டியபோது அது மலக்குடல் புற்றுநோய். எட்டு மாதம் மறைத்த நான் பிழைத்துக்கொண்டேன், அவர் போய்விட்டார். எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரே கூச்சம்தான்.

ரத்தம் வந்தால், கட்டி திரும்பத் திரும்ப வந்தால், கழிவறைப் பழக்கம் திடீரென்று மாறினால் மூலம் என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.