ஊராத்துறையில் கட்டிய கப்பல்கள்

ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். மலையடியில் கண்மாய்கள், வயல்கள், தோப்புகள். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவிலுள்ள நாடு இது. பாண்டியர் தங்களுக்குள் மோதிக்கொண்டபோது இது நிம்மதியாக இருந்திருக்க வழியில்லை.

1169 வாக்கில் குலசேகர பாண்டியன் மதுரையை முற்றுகையிட்டான். உள்ளே இருந்த பராக்கிரம பாண்டியன் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். தண்டநாயகன் இலங்காபுரனின் படை வந்து சேருமுன்பே மதுரை வீழ்ந்தது, பராக்கிரமன் கொல்லப்பட்டான். அதற்காகப் படையெடுப்பு நிற்கவில்லை. பராக்கிரமனின் மகன் வீரபாண்டியன் உயிரோடிருந்தான். அவனை அரியணையில் அமர்த்தினால் சோழனுக்கும் இலங்கைக்கும் இடையே தனக்கு வேண்டிய பாண்டியன் ஒருவன் இருப்பான். பராக்கிரமபாகு போட்ட கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

இலங்காபுரனிடம் தோற்ற குலசேகரன் இரண்டாம் ராஜாதிராஜ சோழனிடம் அடைக்கலம் புகுந்தான். இலங்கைப் படையால் அன்று சோழநாட்டைப் பிடித்த பயத்தை, காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டில் இன்றும் படிக்கலாம். சோழரின் சிற்றரசன் எதிரிலிசோழச் சம்புவராயன் ஒரு சிவாசாரியாரிடம் போய் முறையிடுகிறான். அவர் 28 நாள் பூசை செய்கிறார். சோழர் படையின் வெற்றிச் செய்தி வந்ததும் ஆர்ப்பாக்கம் ஊரே அவருக்குத் தானமாகிறது. மதுரை வாசலிலோ இலங்காபுரன் முதலானோரின் தலைகள் ஆணியடித்து வைக்கப்பட்டன. இதைச் சொல்வது பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு.

சோழர்கள் அதோடு நிற்காததுதான் இந்தப் போரின் முக்கியமான திருப்பம். இலங்கையின் ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய இடங்களில் பராக்கிரமபாகு மறுபடி படை சேர்த்துக் கப்பல் கட்டுகிறான் என்று தகவல் வந்தது. மதுரையை எத்தனை நாள் காவல் காப்பது? கப்பல் கட்டும் துறையையே அடிக்க வேண்டும். சோழத் தளபதி அண்ணன் பல்லவராயன் இன்னொரு காரியமும் செய்தான். இலங்கை அரியணைக்கு உரிமை கோரிய, பராக்கிரமபாகுவின் மருமகன் சீவல்லபனைப் படையோடு அனுப்பினான். பாண்டியர் வீட்டுச் சண்டைக்குள் இலங்கை நுழைந்தது போலவே, இலங்கை அரச வீட்டுப் பூசலுக்குள் சோழன் நுழைந்தான். புலைச்சேரியும் மாதோட்டமும் விழுந்தன, யானைகள் பிடிபட்டன. திருவாலங்காட்டுக் கல்வெட்டு இதை விரிவாகச் சொல்கிறது.

பராக்கிரமபாகு வழியை மாற்றினான். குலசேகரனையே மன்னனாக ஏற்று, பரிசுகள் அனுப்பி, தன் பக்கம் இழுத்தான். சோழப் படை ரத்தம் சிந்தி அரியணையில் அமர்த்திய அதே குலசேகரன், மதுரை வாசலில் இருந்த தலைகளை அகற்றச் சொன்னான். சோழர் படை மறுபடியும் மதுரைக்குக் கிளம்பியது; இம்முறை வீரபாண்டியனுக்காக.