பூனை லுகேமியா வைரஸ்

பூனைகளின் ரத்த அணுக்களையும் நோய் எதிர்ப்பு ஆற்றலையும் சிதைக்கும் ரெட்ரோவைரஸ். ஒரே வீட்டில் பல பூனைகளுக்கு லிம்போமா புற்றுநோய் வந்ததை ஆராய்ந்த வில்லியம் ஜாரெட் குழுவினர், 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இதைக் கண்டறிந்தனர்.

முக்கியமாக எச்சில் வழியே பரவுகிறது. ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வதும் ஒரே கிண்ணத்தில் தின்பதும் போதும், கடியாலும் தொற்றும். தாயிடமிருந்து குட்டிக்கும் வரும், குட்டிகளையே கடுமையாகத் தாக்கும். மனிதர்களுக்கோ நாய்களுக்கோ பரவாது. பரவிவிடும் என்ற பயத்தில் பூனையைத் தெருவில் விடுவது கொடுமை.

தொற்றிய எல்லாப் பூனையும் நோயில் விழுவதில்லை. சில வைரஸை அடக்கிவிடும். அடக்க முடியாதவற்றில் உடல் மெலியும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும், ரத்தசோகையால் ஈறு வெளுக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தாலே அது தெரியும்.

ரத்தத்தில் வைரஸின் பி27 புரதத்தைத் தேடும் எலைசா சோதனை உண்டு. ஒரே முடிவை நம்பாமல் சில வாரங்கள் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். வைரஸை ஒழிக்கும் மருந்து இல்லை. தடுப்பூசி 1985 முதல் இருக்கிறது.

2007-இல் ஸ்பெயினின் தோஞானா பகுதியில், அழிவின் விளிம்பிலிருந்த ஐபீரியச் சிவிங்கி என்னும் காட்டுப்பூனைகள் சிலவற்றையும் இந்த வைரஸ் கொன்றது.